சித் ஹனா எந்த ஊர்?

மேற்கு ஆப்பிரிக்காவில், அபிட்ஜானில், பிளாஸ்டிக் நாற்காலி விற்றுப் பணக்காரரான ஒரு பழைய மாணவருக்குத் திடீரென்று தாய்நாட்டின் மேல் பாசம் பொங்கியதால் வந்த வினை இது. பெய்ரூத்தில் தான் படித்த பள்ளிக்கு அவர் பத்தாயிரம் டாலர் அனுப்பினார். வங்கியில் மாட்டிக்கொண்டு வெறும் எண்ணாகக் கிடக்கும் டாலர் அல்ல, கையில் வாங்கி மோந்து பார்க்கக்கூடிய புது டாலர். கூடவே ஒரு நிபந்தனை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாதம் செய்து, ஓட்டுப் போட்டு, ஒரே ஒரு தொண்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முழுப் பணமும் அதற்கே. கூறு போடக் கூடாது. "நாங்கள் கெடுத்த நாட்டை நீங்கள் திருத்துங்கள், பிள்ளைகளே" என்று கண்ணீர் மல்க ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தார். மனிதர் முப்பது வருடமாக நாட்டுப் பக்கமே வரவில்லை. அந்த நம்பிக்கை அவருக்கு மிச்சம் இருந்ததில் ஆச்சரியமில்லை.

மற்றப் பிள்ளைகளுக்கு இது கணக்கு வகுப்பைத் தட்டிக்கழிக்க ஒரு வழி. மைஸமுக்கு அப்படி இல்லை. அவளுடைய தங்கை சிலீனுக்கு ஆறு வயது. பிறவியிலேயே காது கேட்காது. மூன்று வருடமாக சித் ஹனா, அதாவது ஹனா அம்மாள், நடத்தும் பேச்சுப் பயிற்சி நிலையத்துக்குப் போய்த்தான் அந்தக் குழந்தை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும், தொண்டையிலிருந்து ஒன்றிரண்டு சொல்லை வெளியே கொண்டுவரவும் கற்றிருந்தாள். உள்நாட்டுப் போருக்கு முன் கட்டிய இரண்டு அறை, போருக்குப் பின் கட்டிய இரண்டு அறை, நடுச்சுவரில் தோட்டா ஓட்டை. நகரத்தை முன்பு இரண்டாகப் பிளந்த அந்தத் தெருவிலேயே நிலையம் இருந்ததால் இந்தப் பக்கத்தாரும் அதைத் தங்களுடையது என்று நினைக்கவில்லை, அந்தப் பக்கத்தாரும் நினைக்கவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் எங்கிருந்தாவது பணம் வராவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்று சித் ஹனா பெற்றோர்களிடம் சொல்லிவிட்டார். சாத்தினால் சிலீனுக்குப் போக வேறு இடம் கிடையாது.

பள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "இங்கே அனைவரும் லெபனானின் பிள்ளைகள்" என்று வாசலில் பித்தளையில் பொறித்து வைத்திருந்தார்கள். யார் எந்த மதப்பிரிவு என்று கேட்பது அங்கே குற்றம். கேட்டால் வீட்டுக்குக் கடிதம் போகும். அதனால் பிள்ளைகள் ஒருநாளும் கேட்டதில்லை. "உங்களுக்கு எந்த ஊரு?" என்று மட்டும் கேட்பார்கள். டாக்ஸிக்காரர் கேட்பார், காய்கறிக்காரர் கேட்பார், வாய்க்குள் ஊசியை வைத்துக்கொண்டு பல் டாக்டரும் கேட்பார். ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டால் போதும். நீ எந்த நாளில் நோன்பிருப்பாய், எந்த டிவி பார்ப்பாய், உன் வீட்டுப் பால்கனியில் எந்தத் தலைவரின் படம் தொங்குகிறது, எல்லாம் கேட்டவனுக்குத் தெரிந்துவிடும். பிறகுதான் அவனுக்கு நெஞ்சு அமைதியாகும்.

மைஸமின் அப்பா ஒரு மலை, அம்மா வேறொரு மலை. மதப்பிரிவு தாண்டிய கல்யாணத்தை இங்கே கட்டிவைக்க ஆள் இல்லாமல் விமானம் ஏறி சைப்ரஸ் போய்க் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அதனால் மைஸம் சின்ன வயதிலிருந்தே கேட்பவரின் முகத்தைப் பார்த்து, ஆளுக்குத் தகுந்தபடி அப்பா ஊரையோ அம்மா ஊரையோ சொல்லப் பழகியிருந்தாள். அதில் அவளுக்குப் பெருமை ஒன்றும் இல்லை. மழைக்குக் குடை எடுத்துக்கொள்வது மாதிரி ஒரு பழக்கம்.

வாதத்தை நடத்தியவர் குடிமையியல் ஆசிரியர் வஜீஹ். இருபத்திரண்டு வருடமாக "ஒரே தாயின் பிள்ளைகள்" என்ற ஒரே பாடத்தை நடத்தி வருபவர். பாடம் முடிந்ததும் தன் பக்கத்துப் பேட்டையில், தன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டும், டியூஷன் எடுக்க ஓடுவார்.

முதலில் எலியோ எழுந்தான். மலைமேல் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்காகப் பேசினான். திரையில் பதினொரு படம் காட்டினான். ஒன்பதில் ஒரு தலைவர் கிழவிகளுக்குக் கம்பளி போர்த்திக்கொண்டிருந்தார். பத்தாவதில் தலைவரின் மகன் போர்த்தினார். பதினொன்றாவதில்தான் ஒரு கிழவி தனியாக இருந்தாள், கம்பளி இல்லாமல்.

அடுத்து ஹாதி. தெற்கே ஓர் அனாதை இல்லம். அங்கே பருப்பு மூட்டையிலும் பால்மாவு டப்பாவிலும் ஒட்டியிருந்தது இன்னொரு தலைவரின் முகம். குழந்தைகளின் முகத்தை விடப் பெரிதாக, குழந்தைகளை விடப் புஷ்டியாக.

மூன்றாவது தாலா. ஏழைகளுக்கான இலவச மருந்தகம். மருந்துச் சீட்டிலேயே தலைவரின் படம் அச்சடித்திருந்தது. காய்ச்சலுக்கு மாத்திரை விழுங்கும் முன் அவரை ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

கடைசியில் மைஸம். அவளிடம் மூன்றே படம். ஓர் அறை, ஒரு கண்ணாடி, கண்ணாடியின் முன் வாயைக் கோணிக்கொண்டு "பா" சொல்லப் பார்க்கும் ஒரு குழந்தை. வகுப்பு காத்திருந்தது. அடுத்த படம் வரவில்லை.

"அவ்வளவுதானா?" என்றான் ஹாதி. "பின்னாடி யாரு இருக்கா?"

"பின்னாடி ஒரு சந்து இருக்கு. குப்பைத்தொட்டி இருக்கு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"அட, வெளையாடாத. இது யாரோடதுன்னு கேக்கறேன்."

"யாரோடதும் இல்ல. சித் ஹனான்னு ஒருத்தங்க நடத்தறாங்க. பதினாலு பிள்ளைங்க. யாரு வந்தாலும் சேத்துக்குவாங்க."

ஹாதிக்கு நிஜமாகவே கவலையாகிவிட்டது. "யாரோடதும் இல்லன்னா, அப்புறம் யாரு மைஸம் அதுக்கு ஓட்டுப் போடுவா?"

யாரும் போடவில்லை. முதியோர் இல்லத்துக்கு எட்டு, அனாதை இல்லத்துக்கு எட்டு, மருந்தகத்துக்கு எட்டு. சித் ஹனாவுக்கு ஒன்று, அது மைஸமின் ஓட்டு. வஜீஹ் ஆசிரியர் எண்களைப் பலகையில் எழுதிவிட்டு, தப்பாக எண்ணிவிட்டோமோ என்று இரண்டாம் முறை எண்ணினார். தப்பே இல்லை. வகுப்பில் யார் யார் எந்த ஊர் என்று கணக்கெடுத்திருந்தாலும் இவ்வளவு துல்லியமாக வந்திருக்காது.

பிறகு பத்து நாள் வகுப்பு நடந்தது என்று சொல்ல முடியாது, பாராளுமன்றம் நடந்தது. எலியோவின் எட்டுப் பேர் வெளிநடப்புச் செய்து கேண்டீனில் உட்கார்ந்து மனாகீஷ் ரொட்டி தின்றார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது ஹாதியின் எட்டுப் பேர் வெளியே போனார்கள். எப்படி ஓட்டெடுப்பது என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். குழுவுக்கு யார் தலைவர் என்று முடிவு செய்ய இன்னொரு குழு. தலைவர் எலியோ என்றால் துணைத் தலைவர் ஹாதி, செயலாளர் தாலா, மூவரில் யாருக்குப் பிடிக்காவிட்டாலும் எதுவும் நடக்காது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். யாரும் அவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கவில்லை. குடிமையியல் புத்தகத்தில் இது ஒரு வரி கூடக் கிடையாது. தாய்ப்பாலோடு வந்தது போலிருக்கிறது.

கடைசியில் தலைமையாசிரியை மதாம் ஸொலான்ஜ் வகுப்புக்கு வந்தார். "வியாழக்கிழமைக்குள்ள ஒரு முடிவு வரலேன்னா பணம் அபிட்ஜானுக்கே திரும்பிப் போயிடும். அந்த மனுஷன் என்னைப் பத்தி என்ன நெனப்பாரு?" என்றார். பணம் போவதை விட அதுதான் அவருக்குப் பெரிய கவலை.

புதன்கிழமை இடைவேளையில், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் எலியோ மைஸமிடம் ஒதுங்கினான். சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டான்.

"அந்த சித் ஹனா... முழுப்பேரு என்ன?"

"ஹனா நஜ்ஜார்."

எலியோ உதட்டைப் பிதுக்கினான். நஜ்ஜார் என்றால் தச்சர். எந்த ஊரில்தான் தச்சர் இல்லை? எல்லாப் பக்கத்திலும் நஜ்ஜார்கள் உண்டு. பெயரை வைத்து ஒன்றும் பிடிக்க முடியாது.

"எந்த ஊரு நஜ்ஜார்?"

மைஸமுக்கு அது தெரியாது. மூன்று வருடத்தில் ஒருநாள் கூட அவள் சித் ஹனாவிடம் அதைக் கேட்டதில்லை. இந்த நாட்டில் ஒருவரிடமாவது அதைக் கேட்காமல் இருக்கிறோமே என்று அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம் கூட உண்டு. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று காலை சிலீன் அவளுடைய பையை இழுத்து நிறுத்தி, பெருமையாக வாயைத் திறந்து "மை" என்று சொன்னாள். முழுப்பெயர் வரவில்லை, பாதிதான் வந்தது. மீதியைச் சொல்ல வைக்கச் சித் ஹனாவை விட்டால் ஆளில்லை.

"உங்க பக்கம்தான்," என்றாள் மைஸம். "ஆனா வெளிய மூச்சு விட்றாத. தெரிஞ்சா மத்தவங்க போட மாட்டாங்க."

எலியோவின் முகம் மலர்ந்ததே, பார்க்க வேண்டும். தன் ஆள் ஜெயிப்பது ஒரு சந்தோஷம். எதிராளிகள் தெரியாத்தனமாகத் தன் ஆளுக்கே கை தூக்கி ஜெயிக்க வைப்பது அதைவிடப் பத்து மடங்கு சந்தோஷம். "அப்பவே நெனச்சேன்," என்றான். "அந்த நிலையம் அவ்வளவு சுத்தமா இருந்துச்சே."

மதியம் ஹாதி வந்தான். அவனுக்கும் அதே கேள்வி, அதே பதில். "அப்பவே நெனச்சேன். அந்தம்மாவுக்கு எவ்வளவு பொறுமை பாரு," என்றான். சாயங்காலம் தாலா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஏன்டி எங்கிட்ட மொதல்லயே சொல்லல? நம்ம ஆளுன்னா நான் விட்டுடுவேனா?" என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டாள். முதல் பொய் மைஸமுக்குத் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. இரண்டாவது பொய் வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவதைச் சொல்லும்போது அவள் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை ஓட்டெடுப்பில் சித் ஹனாவுக்கு இருபத்தைந்து. மற்ற மூன்றுக்கும் சைபர்.

வஜீஹ் ஆசிரியர் பலகை முன்னால் அப்படியே நின்றுவிட்டார். இருபத்திரண்டு வருடமாகத் தான் நடத்திய பாடத்தை அவரே நம்பியதில்லை. இப்போது அது கண்முன்னால் நடந்துவிட்டது. "பிள்ளைகளா... பிள்ளைகளா..." என்றவர் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். எலியோ ஹாதியைப் பார்த்துச் சிரித்தான். ஹாதி தாலாவைப் பார்த்துச் சிரித்தான். ஏமாந்தவர்களைப் பார்க்கும்போது வரும் சிரிப்பு அது. படம் பிடித்துப் பள்ளியின் பேஸ்புக்கில் போட்டார்கள். "வருங்கால லெபனான்" என்று தலைப்பு. அபிட்ஜானிலிருந்து குரல் செய்தி வந்தது, முழுக்க விசும்பல்.

வெளியே மூச்சு விடாதே என்றால் வீட்டில் சொல்லாமல் இருக்க முடியுமா? மூன்று பக்கத்துப் பிள்ளைகளும் அவரவர் வீட்டில் ரகசியமாகச் சொன்னார்கள். வீட்டார் ரகசியமாக மேலே சொன்னார்கள். பணம் வழங்கும் விழா அன்று பள்ளி வாசலில் கறுப்புக் கண்ணாடி போட்ட கார்கள் மூன்று வரிசையாக வந்து நின்றன. மூன்று தலைவர்களின் சார்பாக மூன்று பெரிய மனிதர்கள் இறங்கினார்கள். யாரையும் அழைத்ததாக மதாம் ஸொலான்ஜுக்கு நினைவில்லை. ஆனால் வந்துவிட்ட பிறகு நாற்காலி போடாமல் இருக்க அவருக்கு என்ன, பைத்தியமா?

நிகழ்ச்சி நிரல் மதாம் ஸொலான்ஜே எழுதியது. முதலில் தேசிய கீதம். பிறகு சித் ஹனா மேடைக்கு வருவார். பத்தாம் வகுப்பு மேடையில் நின்று வியாழக்கிழமை ஓட்டெடுப்பை மறுபடி கை தூக்கி நடித்துக் காட்டும், அபிட்ஜானுக்கு அனுப்ப வீடியோவுக்காக. கைகள் தூக்கியதும் நிலையத்துக் குழந்தைகள் மூன்று பேர் முன்னால் வந்து "ஷுக்ரன்", அதாவது நன்றி, என்று வாய்விட்டுச் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லுக்காகச் சித் ஹனா மூன்று நாள் தொண்டை வலிக்கக் குழந்தைகளோடு மன்றாடியிருந்தார். மூவரில் சிலீனும் ஒருத்தி. இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன்.

சித் ஹனா தன்னிடமிருந்த ஒரே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினார். முதல் பெரிய மனிதர் எழுந்து போய், "எங்க வீட்டுப் பொண்ணு!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டாமவர் விடுவாரா? "எங்க பொண்ணும்மா நீ, தலைவரு விசாரிச்சாரு," என்றார். மூன்றாமவர் கையோடு பூங்கொத்தே கொண்டுவந்திருந்தார். "எங்க மகள்!" என்று மைக்கிலேயே சொன்னார்.

பிறகு மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

வகுப்போடு மேடையில் நின்ற மைஸமுக்கு அடுத்து வரப்போகும் கேள்வி என்னவென்று தெரிந்துவிட்டது. ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கலாமா என்று நினைத்தாள். அதற்குள் கேள்வி வந்துவிட்டது.

"சித் ஹனா," என்றார் முதல் பெரிய மனிதர், தேன் ஒழுக. "உங்களுக்கு எந்த ஊரும்மா?"

சித் ஹனாவுக்கு நடந்த எதுவும் தெரியாது. வெகுளியாகச் சொன்னார். "யாஃபாங்க. எங்க தாத்தா அங்க தச்சரா இருந்தாரு. எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்தவங்க நாங்க. நான் பொறந்தது இங்க முகாம்ல. பலஸ்தீனக் குடும்பம்."

ஹாதியின் கழுத்துச் சங்கிலியில் பலஸ்தீன வரைபடம் வெள்ளியில் தொங்கிக்கொண்டிருந்தது. தாலாவின் தோளில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அந்த ஊர்த் துண்டு. இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

முதலில் சுதாரித்துக்கொண்டவர் இரண்டாம் பெரிய மனிதர். "பலஸ்தீனம் எங்க உயிரு," என்றார்.

"எங்க இதயம்," என்றார் மூன்றாமவர்.

"எனக்கும் யாரோடயும் பகை கிடையாது," என்றார் முதலாமவர்.

"ஆனா இது நம்ம பிள்ளைங்க பணம்," என்றார் இரண்டாமவர்.

"அதான், அதான்," என்று மூவரும் தலையாட்டினார்கள். இந்த மூன்று தலைவர்களின் ஆட்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் யாரும் பார்த்ததில்லை. குப்பையை எங்கே கொட்டுவது என்பதில் கூட அவர்கள் ஒத்துப்போனதில்லை.

"என்கிட்டப் படிக்கிறது பதினாலு பிள்ளைங்க," என்றார் சித் ஹனா. குரல் உயரவில்லை. "அதுல ஒம்பது பேரு உங்க பிள்ளைங்கதான். அவங்களும் பேச வேண்டாமா?"

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. மதாம் ஸொலான்ஜ் ஏற்கெனவே மேடை ஓரத்தில் அபிட்ஜானோடு போனில் இருந்தார். திரும்பி வந்து மைக்கைப் பிடித்தார். "நடைமுறையில ஒரு சின்னத் திருத்தம். கொடையாளரும் சம்மதிச்சுட்டாரு. முதியோர் இல்லம், அனாதை இல்லம், மருந்தகம், மூணுக்கும் சமமாப் பிரிச்சுக் கொடுக்கறதா ஒரு தீர்மானம். நம்ம பிள்ளைங்க ஜனநாயகத்துல வளந்தவங்க. இப்பவே, இங்கயே, ஓட்டெடுப்பு!"

"சொன்னது நான்தான்!" என்று கத்தினாள் மைஸம். "சித் ஹனா யாரையும் ஏமாத்தல. பொய் சொன்னது நானு."

"அதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், கண்ணு," என்றார் மதாம் ஸொலான்ஜ்.

"உன்ன நாங்க எப்பவோ மன்னிச்சுட்டோம்டி," என்று தாலா காதோரம் கிசுகிசுத்தாள். "பேசாம கையத் தூக்கு."

வெளிநடப்பு இல்லை, குழு இல்லை, கூட்டம் இல்லை. இருபத்து நான்கு கைகள் ஒரே வீச்சில் உயர்ந்தன. வஜீஹ் ஆசிரியர் சுண்டுவிரலால் எண்ணிக்கொண்டே வந்து மைஸமிடம் நின்றார். "பொண்ணே, ஒருமனதா இருந்தா எவ்வளவு அழகா இருக்கும்," என்றார் கெஞ்சலாக. மைஸம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். அவமானமும் ஆத்திரமும் சேர்ந்து அவளுக்குக் கண்ணை மறைத்தது. மூன்று வருடமாக ஊரைக் கேட்காமல் இருந்தது பெரிய காரியம் என்று நினைத்தாளே, அந்த ஒரே நல்ல பழக்கத்தைத் தானே விற்றுத் தின்றுவிட்டோமே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மேடையின் இன்னொரு கோடியில் மூன்று குழந்தைகள் வகுப்பின் கைகள் எப்போது உயரும் என்று காத்திருந்தார்கள். யாஃபா என்பதும் அவர்கள் காதில் விழவில்லை, தீர்மானமும் விழவில்லை. கைகள் உயர்ந்துவிட்டன, இனி தங்கள் முறை. சித் ஹனா தடுக்கக் கை நீட்டினார், நடுவில் மூன்று பெரிய மனிதர்கள் நின்றார்கள். குழந்தைகள் சொல்லிக்கொடுத்தபடி இரண்டடி முன்னால் வந்து நின்றார்கள். முதல் குழந்தைக்குக் காற்றுத்தான் வந்தது. இரண்டாவதற்கு "ஷு" மட்டும் வந்தது. சிலீன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முஷ்டியை மடக்கிக்கொண்டு, தகரத்தை இழுத்தது போன்ற குரலில் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "ஷுக்ரன்!" என்றாள். முழுச் சொல்லும் வந்துவிட்டது.

கைதட்டினார்கள். அழக்கூடச் செய்தார்கள். கை தூக்கியவர்கள் தூக்கிய கையை இறக்கவில்லை, வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

சிலீன் கண்ணைத் திறந்து, தனக்காக உயர்ந்திருந்த கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அக்காவிடம் வந்ததும் அவள் முகம் சுருங்கியது. எல்லாரும் தூக்கியிருக்கிறார்கள், அக்கா மட்டும் ஏன் தூக்கவில்லை? அவளுக்குப் பொறுக்கவில்லை. உதடு பிதுங்கியது. தன் குட்டிக் கையை மேலே தூக்கித் தூக்கிக் காட்டினாள். தூக்கு, நீயும் தூக்கு.

மைஸம் கையைத் தூக்கினாள்.

சிலீன் சிரித்தாள். வஜீஹ் ஆசிரியர் தாளில் இருபத்தைந்து என்று எழுதிக்கொண்டார்.